தடுமாறி ஓதுவோருக்கு இரு கூலி

குர்ஆனைத் திக்கித் திணறி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. இதைச் சொல்லிப் பிள்ளைகளைத் தேற்றாத உஸ்தாத் நம்மில் இல்லை. மக்தபில் அவ்வாறு தேற்றப்பட்ட பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் பாடத்தை எழுத்துக்கூட்டி வாசித்தால் கிடைப்பது வகுப்பின் சிரிப்பு. மறுநாள் முதல் கடைசி வரிசை. பிறகு பள்ளியே வேண்டாம் என்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழக மாவட்டங்களில் அதுவே கடைசி. அன்று கைக்குழந்தைகளாக இருந்தவர்களே இப்போது உயர்நிலை வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். பாடநூலைத் திறந்து சொல்லித்தர வீட்டில் ஆளில்லாதவர் அவர்களில் பலர். நம் வீடுகள் பலவற்றில் பேச்சு உருது, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும், மக்தபில் அரபி. இத்தனை எழுத்துகளைச் சுமக்கும் பிள்ளையை மந்தபுத்தி என்று ஏசுவது அநீதி.

அரசு வாளாவிருக்கவில்லை. 2021இல் இல்லம் தேடிக் கல்வி, 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும், 2025இல் ஆறு முதல் ஒன்பது வகுப்புகளுக்குத் திறன் திட்டம் என வந்தன. ஆயினும் வாசிப்பு தமிழாசிரியரின் வேலை, ஆங்கில ஆசிரியரின் வேலை என்ற எண்ணம் மாறவில்லை. கணக்கு வாத்தியாருக்கு அதில் பங்கில்லையா? அசலும் வட்டி வீதமும் வாயால் சொன்னால் தனிவட்டியை நொடியில் கூறும் பிள்ளை, அதே கணக்கு நான்கு வரிகளில் அச்சாகி வந்தால் விடைத்தாளை வெறுமையாக விடுகிறது. அங்கே தோற்றது கணக்கன்று. இங்கிலாந்தில் 1975இல் வெளிவந்த புல்லக் குழுவின் அறிக்கை இதைத்தான் வலியுறுத்தியது: மொழி வளர்ச்சி எல்லாப் பாட ஆசிரியருக்கும் உரிய பொறுப்பு. பெரும் செலவு எதுவும் வேண்டாம். பாடம் தொடங்குமுன் அதிலுள்ள கடினச் சொற்களைக் கரும்பலகையில் பிரித்தெழுதி, அனைவரும் சேர்ந்து வாசித்து, பொருள் கேட்டால் போதும். சேர்ந்து வாசிக்கையில் எவர் தடுமாற்றமும் தனியே கேட்காது.

மக்தபுக்கும் இதில் கொடுக்க ஒன்று உண்டு, கற்க ஒன்று உண்டு. பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்து, அன்றைய சபக்கைக் கேட்டு, சரியானபின்தான் அடுத்ததற்கு அனுப்புகிறோம். ஐம்பது பேர் வகுப்பில் இது அரிது. ஆனால் பொருள் விளங்கியதா என்று நாம் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு தமிழ்ப் பாடநூலையும் ஒலியாக மட்டும் கடந்துபோகும் பிள்ளைகள் இருக்கின்றனர்.

மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் பள்ளிப் பாடநூலையும் வாசிக்கச் செய்யலாம் என்றால், ‘மக்தப் நேரம் தீனுக்கு மட்டும்’ என்போர் உண்டு. பத்ரில் சிறைப்பட்டவர்களுள் ஈட்டுத்தொகை தர இயலாதோர்க்கு, அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிப்பதையே ஈடாக நபி (ஸல்) ஆக்கினார்கள். கற்பித்தவர்கள் முஸ்லிம்களும் அல்லர், கற்பித்தது எழுத்தை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறை பற்றிப் பேசி முடித்ததும், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க இயலாதோர் எத்தனை பேர், அவர்களுக்காக ஒவ்வொரு பாட ஆசிரியரும் என்ன செய்கிறார் என்று நம் தாய்மார்கள் கேட்கட்டும். தலைமையாசிரியரின் பதில் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படட்டும்.