“எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்”: பாதியில் நிற்கும் குடலிறக்கச் சிகிச்சை

குடலிறக்கத்துக்குத் தோட்டப்புறங்களில் இன்றும் ஒரே விளக்கம்தான்: “பாரம் தூக்கினான், குடல் இறங்கிடுச்சு.” செம்பனைக் குலை தூக்குவோருக்கு அது பொருந்தலாம். ஆனால், நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாதுகாவலருக்குத் தொப்புள் பிதுங்குவது ஏன்? அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்ற அம்மாவுக்குப் பல ஆண்டுகள் கழித்து அந்தத் தழும்பில் வீக்கம் வருவது ஏன்?

பல வேளைகளில், வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்புதான் அங்கே பாரம். மூட்டையையாவது இறக்கி வைக்கலாம். இது இரவும் பகலும் வயிற்றுச் சுவரை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். தொப்புளும் பழைய தழும்பும் அச்சுவரின் பலவீனமான இடங்கள். தொடை இடுக்கில் வரும் குடலிறக்கத்துக்குப் பருமனோடு இவ்வளவு நேரடித் தொடர்பு இல்லை.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். இந்தியர்களிடையே இப்பிரச்சினை அதிகம் என்பது புதிய செய்தியல்ல.

சிக்கல் தொடங்குவது மருத்துவமனையில். “எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்” என்று மருத்துவர் சொன்னால், அதை “முடியாது” என்று எடுத்துக்கொண்டு திரும்பி வராதவர்கள் உண்டு. உண்மையில் அது மறுப்பல்ல. தடித்த கொழுப்பில் இரத்த ஓட்டம் குறைவு; புண் ஆறத் தாமதமாகும். உள்ளே பொருத்தும் வலையில் கிருமி தொற்றினால் அதையே வெளியே எடுக்க நேரிடலாம். வயிற்றின் அழுத்தம் தையலை இழுப்பதால் குடலிறக்கம் மீண்டும் வரும் வாய்ப்பும் கூடும். இனிப்பு நீரும் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் உடல் எடைக் குறியீடு 40-ஐத் தாண்டியவர்களுக்கு, அவசரமில்லாத அறுவையை மருத்துவர்கள் பலர் தள்ளிவைக்கிறார்கள்.

ஆனால், எப்படிக் குறைப்பது? இரவு வேலை முடிந்து, ரொட்டி சானாயும் தே தாரேக்கும் உள்ளே தள்ளிவிட்டுப் படுப்பவரிடம் அந்த ஒற்றை வரி போதாது. எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில், மறுபடி எப்போது வருவது என்று நோயாளி அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது. 1 வெள்ளிக் கட்டணத்தில் பார்க்கும் அரசாங்க கிளினிக்கிலும் உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

காத்திருக்கும் காலத்தில் ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கி இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அந்நேரத்தில் எடை குறையும்வரை யாரும் காத்திருக்கச் சொல்வதில்லை.