தர்மாஸ்பத்திரி என்று சொல்லாதீர்கள்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "ஏதாவது டெக்னிக்கலா எழுதுல" என்றான் என் பெஞ்சு நண்பன். எழுதியிருக்கலாம்தான். ஆனால் இந்த வருஷம் முழுக்க என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது லேத்தும் அல்ல, ஹைட்ராலிக்ஸும் அல்ல. என் அம்மாவின் இடது கால்.

அம்மா உப்பளத்துக்குப் போகிறவர். விடியற்காலை மூன்றரைக்கு டார்ச் லைட்டும் தூக்குவாளியுமாகக் கிளம்பினால், உப்பைச் சுமந்து கரையில் கொட்டிவிட்டு வெயில் உச்சிக்கு ஏறும்போதுதான் வீடு திரும்புவார். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் நின்ற கால் எப்படி இருக்கும் என்று முத்தையாபுரம், ஆறுமுகநேரிப் பக்கத்து நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்குச் சர்க்கரை நோய் வேறு. பழைய மாத்திரை அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வார். ரத்தப் பரிசோதனை கிடையாது. கூலி குறைந்த வாரம் மாத்திரையும் கிடையாது. போன ஆவணியில் உப்புப் பொருக்கு கிழித்த புண் ஒன்று ஆறவே இல்லை.

"பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்மா" என்றேன்.

"எய்யா, அது தர்மாஸ்பத்திரி. அங்க குடுக்க மாத்திர கேக்காதுய்யா. சுண்ணாம்பத்தான் உருட்டி வச்சிருப்பாவ" என்றார்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் வருஷம் டிப்ளமோ படிக்கிற நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் போனோம். காலைப் பார்த்த டாக்டரம்மா, "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும். இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

காயத்துக்குக் கட்டுப் போட்டு, ரத்தம் சோதித்து, ஒரு மாதத்துக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த 'சுண்ணாம்பு' மாத்திரையைப் பற்றி அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒரு அரசு நிறுவனம், 1994இல் தொடங்கப்பட்டது. மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால்தான் விலை அடிமட்டத்துக்கு இறங்குகிறது, சரக்கு மட்டம் என்பதால் அல்ல. கிடங்குக்கு வருகிற ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். நம் லேபில் கம்பியை யு.டி.எம். மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே 'பாஸ்' போடுகிறோம்? அதே வேலைதான். கேரளமும் ராஜஸ்தானும் இந்த முறையைப் பார்த்துத்தான் தங்களுக்கென்று கழகம் வைத்துக்கொண்டன. நாம் மட்டும் இன்னும் சுண்ணாம்பு என்று பேசிக்கொண்டிருக்கிறோம்!

சரி, அது என்ன 'தர்மம்'? ஒரு சோப்பு வாங்கினாலும் அம்மா வரி கட்டுகிறார். அந்தப் பணத்தில் வாங்கிய மாத்திரை எப்படி தர்மமாகும்? இந்த ஊர் ஒரு காலத்தில் குடிதண்ணீருக்குத் தவித்த ஊர். நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்தது 1927இல். அந்தத் தண்ணீரை யாராவது 'தர்மத் தண்ணீர்' என்று சொன்னோமா? குழாயில் வராவிட்டால் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்கிறோமே! அந்த உரிமை மருந்துச் சீட்டில் மட்டும் ஏன் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது?

அம்மாவின் அறியாமைதான் காரணம் என்று முடித்துவிடவும் எனக்கு மனசில்லை. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிற திட்டம். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தன்னார்வலர் அக்கா காலையில் தெருவுக்கு வரும்போது எங்கள் வீடு பூட்டிக் கிடக்கும். மக்களைத் தேடி மருத்துவம் வருகிறது, மக்கள் உப்பளத்தில் நிற்கிறார்கள்.

2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். தொழிற்சாலைக்கு கேட் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. உப்பளத்துக்கு என்ன இருக்கிறது? பாத்தியும் வானமும். ஆனாலும் முடியாத காரியம் இல்லை. உப்பு விளையாத மழைக்காலத்தில் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் 2022இல் கொடுக்க ஆரம்பித்தார்களே, அதற்குப் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள் அல்லவா? அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, சம்பளம் போடுகிற நாளில் ஒரு வேனை அளத்துக் கரையில் நிறுத்தினால் போதும். பணம் வாங்க எல்லாரும் கூடுகிற இடத்தில் ரத்தமும் பார்த்துவிடலாம்.

இன்னொன்று. 2023இல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாலை 4 முதல் 8 வரையும் டாக்டர் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. உப்பளத்துக்குப் போகிறவர்களுக்குப் பொருத்தமான நேரம்! அதை எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. போர்டைப் படிக்கத் தெரிந்த நாமாவது சொன்னோமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். 104க்குப் போன் அடித்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். பைக்கில் பறக்கிற நண்பர்களே, சாலை விபத்தில் யார் அடிபட்டாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. இதையெல்லாம் நம்மில் எத்தனை பேர் வீட்டில் சொல்லியிருக்கிறோம்?

அம்மாவின் புண் ஆறிவிட்டது. இப்போது அளத்துக்கு ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு போகிறார். தன்னார்வலர் அக்கா மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். "மாத்திர கேக்குதாம்மா?" என்று போன வாரம் கேட்டேன். "கேக்கு கேக்கு, நீ போய்ப் படிக்கிற வழியப் பாரு" என்றார்.

அளத்துக் கரைக்கு வேன் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் 31 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்களில் வீட்டில் உப்பள வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், மதிய இடைவேளையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வாருங்கள். திங்கட்கிழமை மனுநீதி நாளுக்குக் கொண்டுபோகிறோம்.