பங்கு பிரிக்கத் தெரியாத பூஞ்சையும் நம்ம மாத்திரையும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் அறிவியல். ஓடிடாதீங்க :)

செல் பிரியற படத்தை ஸ்கூல்ல எல்லாரும் போட்டிருப்போம். குரோமோசோம் எல்லாம் நடுவுல வரிசையா நிக்கும், ரெண்டு பக்கமும் நூல் இழுக்கும், சரிபாதியா பிரியும். பிரிவினை தப்பிப்போனா? "கோளாறு உண்டாகும்"னு ஒரே வரி. அந்த ஒரு வரி பூஞ்சைக்குப் பத்தாதுங்கறதுதான் என் கட்சி.

ரொட்டி ஈஸ்ட்டை எடுத்துக்கிட்டா அந்த வரி சரிதான். அதுக்கு 16 குரோமோசோம். ஒண்ணு கூடிப்போனாலே பெரும்பாலும் வளர்ச்சி மந்தமாயிடும். அப்படிக் கூடுதல் குரோமோசோமோட திரியற ஈஸ்ட்டுகள்ல பலது, அடுத்தடுத்த பிரிவுலயும் குரோமோசோமைத் தவறவிடுதுன்னு எம்.ஐ.டி.யில ஆஞ்செலிகா ஆமொன் குழு 2011-ல் காட்டினாங்க. வட்டி கட்டறதுக்குக் கடன் வாங்கற குடும்பம் மாதிரி.

ஆனா நம்ம வாயிலயும் குடல்லயும் சத்தமில்லாம குடியிருக்கிற கேண்டிடா அல்பிகன்ஸ் இருக்கே, அது வேற ஆளு. அதுக்கு 8 ஜோடி. ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு அடங்காத கேண்டிடா சிலதுல ஒரு விசித்திரமான குரோமோசோம் இருக்குன்னு 2006-ல் ஜூடித் பெர்மன் குழு கண்டுபிடிச்சாங்க. அஞ்சாவது குரோமோசோமோட இடது கை ரெண்டு, முதுகோட முதுகு ஒட்டினது. வலது கையே கிடையாது! மருந்து குறிவைக்கிற நொதியோட மரபணு அந்த இடது கையிலதான் இருக்கு. மருந்தை வெளியே தள்ளற பம்பை முடுக்கிவிடற மரபணுவும் அங்கேயேதான். ரெண்டும் கூடுதல் பிரதி கிடைச்சா மருந்து என்ன பண்ணும், பாவம். அந்தக் குரோமோசோம் தொலைஞ்சா எதிர்ப்பும் இறங்கிடுது.

இதுக்கு மேல ஒரு கூத்து. 2014-ல் அதே பெர்மன் குழு பார்த்தது: ஃப்ளூகோனசோல் பட்டதும் தாயும் மகளும் பிரியாம ஒட்டிக்கிட்டே இருந்து, பேத்தி மொட்டையும் விடுது. மூணு தலை செல்! குரோமோசோம்கள் கணக்கில்லாம பங்காகுது. இரட்டிப்பாகி, அப்புறம் ஒண்ணு கூட ஒண்ணு குறையன்னு விதவிதமா பிள்ளைகள். பலது தேறாது. தேறினதுல ஏதாவது ஒண்ணு மருந்தை ஜெயிச்சிடலாம்.

அதாவது, மருந்தே பங்கைக் குழப்புது. அந்தக் குழப்பத்துலயே மருந்தை ஜெயிக்கிற பிள்ளையும் பிறக்கலாம். "பூச்சி மருந்துக்குப் பழகிடுச்சு"ன்னு சொல்றோமே, இதுல பழக்கம் எங்கே இருக்கு? இது சீட்டாட்டம். ஃப்ளூகோனசோல் கேண்டிடாவோட வளர்ச்சியைத் தடுக்கும், பெரும்பாலும் கொல்லாது. அதனால ஆட்டம் தொடர ஆள் மிச்சம் இருக்கு.

இதைத்தான் நம்ம ஊர்ல அரிப்புன்னாலே சீட்டு இல்லாம கேட்டு வாங்கி முழுங்கறாங்க. அரிப்பு பூஞ்சையாலதானான்னே தெரியாம! வியர்க்குரு, சோப்பு அலர்ஜி எல்லாத்துக்கும் அதே மாத்திரை. அரிப்புக்கு உதவாது, வயித்துல சும்மா கிடந்த கேண்டிடாவுக்கு மட்டும் ஆட்டம் ஆரம்பம். தோல் டாக்டர்கிட்ட போனா, லேசா சுரண்டி ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க. அது பூஞ்சையா இல்லையான்னு அநேகமா அன்னிக்கே தெரிஞ்சிடும்.