கம்மாய்க்கு ஒரு வாக்குச்சீட்டு

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் என் பெயருக்கு வந்த முதல் கடிதங்களில் ஒன்று வரி கேட்டு வந்தது. நகராட்சி வரி அல்ல, டெல்ஃப்லாண்ட் நீர் வாரியத்தின் வரி. தனி ஆள் குடித்தனம் என்பதால் கழிவுநீருக்கு ஓர் அலகு. இரண்டு பேர் இருந்தாலே மூன்று அலகு. வருமானம் குறைந்தவர்கள் விலக்குக் கேட்கலாம் என்றாள் பக்கத்து அறை வங்கதேசத் தோழி. கேட்டேன், கிடைத்தது. மறைப்பானேன்?

2022 அக்டோபரில் அங்கே ஐஎச்இ நிறுவனத்துக்கு நீர்வள மேலாண்மை படிக்கப் போயிருந்தேன். 1953-இல் வடகடல் பொங்கி அந்நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு, 1957-இல், தொடங்கியதுதான் இந்த நிறுவனம். கணினி மாதிரிகள் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எனக்கு உறைத்த பாடம் 2023 மார்ச் 15 அன்று வாக்குச்சாவடியில்தான்.

அன்று நீர் வாரியத் தேர்தல். வசிப்பிட உரிமம் இருந்ததால் எனக்கும் வாக்கு. பிரித்தால் மேசையை மூடும் சீட்டு, சிவப்புப் பென்சில். நாட்டில் மொத்தம் 21 வாரியங்கள். தங்கள் வரியைத் தாங்களே விதித்து, தாங்களே செலவழிக்கின்றன. டெல்ஃப்லாண்ட் வாரியம் 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. சண்டை பெரும்பாலும் வாய்க்காலில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்பது என்பதில்தான். மட்டத்தை இறக்காவிட்டால் மாட்டுப்பண்ணைக்காரரின் டிராக்டர் சேற்றில் புதையும். இறக்கினாலோ அடியிலுள்ள மட்கு மண் காய்ந்து நிலமே அமிழும். இயற்கை ஆர்வலர்கள் விடமாட்டார்கள். இரு தரப்புக்கும் வாரியத்தில் ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. அங்கேயே உட்கார்ந்து அடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் சிவகங்கைப் பக்கத்துக் கம்மாயில் நடக்கும் அதே சண்டை. மடைக்குப் பக்கத்து வயல்காரருக்கு வயிறு நிறைந்தாலும் அடைக்க மனம் வராது. கடைசி வயலில் எங்கள் பயிர் சுருளும். முன்பு நீர்ப்பாய்ச்சி முறை வைத்துப் பங்கிட்டார், அறுப்பில் நெல்லாகக் கூலி வாங்கினார். இன்று 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கும் தேர்தல் உண்டு. ஏட்டில் பார்த்தால் டெல்ஃப்ட்டுக்குக் குறைந்தவர்கள் அல்ல நாம். ஆனால் கிஸ்தி கிராம நிர்வாக அலுவலர் வழியாகக் கருவூலத்துக்குப் போய்விடுகிறது. மடையின் ஷட்டர் துருப்பிடித்தால் சங்கத் தலைவர் மனுவோடு அலுவலகப் படியேற வேண்டும். சல்லிக்காசு கையில் இல்லாத பதவிக்கு யார் மெனக்கெட்டு ஓட்டுப் போடுவார்?

கம்மாய்ப் பணம் கம்மாய்க்காரர் கையில் இருக்கட்டும், கணக்கை ஊர்ப் பொதுவில் வாசிக்கட்டும் என்பது என் கட்சி. யாரும் வரி கட்டமாட்டார்கள் என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். அப்பாவிடம் கேட்டேன். “சர்க்கார் கம்மாய்க்கு நான் எதுக்குத்தா கட்டணும்?” என்றார்.

விளைச்சல் பாதியாய்ப் போன வருடம்கூட நீர்ப்பாய்ச்சிக்கு முதல் மரக்கால் அளந்தவர் அவர். அதை ஞாபகப்படுத்தினேன்.

“அது வேற. தண்ணி வரலேன்னா அவரு வீட்டு வாசல்ல போயி நின்னு கேக்கலாம்ல.”