பாஸ்போர்ட் மட்டுமே துணை

கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் செல்லும் பயணிகள் டச்சு அரண்மனையையும் யூதர் தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு தேவாலயம் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. 1653-ம் ஆண்டு ஜனவரி 3-ம் தேதி அந்த இடத்தில் திரண்ட கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள், இயேசு சபையினருக்கு இனி ஒருபோதும் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். கூட்டம் பெரிது, எல்லோராலும் சிலுவையைத் தொட முடியவில்லை. எனவே அதில் கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி எடுத்தார்கள் என்பதும், அந்த இழுப்பில் சிலுவையே வளைந்துபோனது என்பதும் வழிவழியாக வரும் செய்தி. கூனன் குரிசு என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தச் சத்தியம் மதத்துக்கு எதிரானதல்ல. அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். மதத்தின் பெயரால் வந்த அதிகாரத்துக்கு எதிரானது. 1599-ல் உதயம்பேரூரில் கூட்டப்பட்ட சபையில் தொடங்கி, தங்கள் வழிபாட்டு முறைகளையும் ஆயர்களையும் போர்த்துகீசியர்கள் தங்கள் விருப்பப்படி மாற்றியதை அந்த மக்கள் அரை நூற்றாண்டு பொறுத்துப் பார்த்தார்கள். அதே காலகட்டத்தைத் தமிழகமும் அறியும். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களின் பிரதிநிதிகள் பாதுகாப்பு கேட்டுச் சென்றதும் இதே கொச்சிக்குத்தான். போர்த்துகீசியக் கப்பல்களின் பாதுகாப்பும் ஞானஸ்நானமும் அன்று சேர்ந்தே வந்தன.

பழங்கதை இப்போது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். 'மிஷனரி' என்ற சொல் நாடாளுமன்றத்தில் எழும்போதெல்லாம், ஆளும் தரப்பிலும் எதிர்த் தரப்பிலும் பேசுபவர்களின் மனதில் இருப்பது அந்தப் பழைய சித்திரம்தான். வெளிநாட்டிலிருந்து வருபவர், பின்னால் பணமும் பலமும் உள்ளவர் என்கிற சித்திரம் அது. காற்று எப்போதோ திசை மாறிவிட்டது. மிஷனரிகள் வந்திறங்கிய அதே கொச்சியிலிருந்து, நெடும்பாசேரி விமான நிலையம் வழியாக, இந்தியப் பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் ஆப்பிரிக்காவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் சென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் எந்தக் கப்பற்படையும் இல்லை. கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட் மட்டுமே. அதற்கு என்ன மதிப்பு என்பதுதான் கேள்வி.

இந்த மரபு புதியதும் அல்ல. கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ், 1687-ல் தூத்துக்குடியில் கப்பலேறி, ஏழைக் கூலியின் கோலத்தில் யாழ்ப்பாணம் சென்று சேர்ந்தார். யாழ்ப்பாணத்தையும் கொச்சியையும் போர்த்துகீசியர்களிடமிருந்து கைப்பற்றியிருந்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கப் பாதிரியார்களை அங்கே அனுமதிக்கவில்லை. கண்டிக்குச் சென்றபோது போர்த்துகீசிய ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். 1697-ல் கண்டியில் பெரியம்மை பரவி, உற்றார் உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது அவர்களைத் தூக்கிப் பராமரித்தவர் அவர்தான். எந்தச் சாம்ராஜ்யமும் அவரை அனுப்பவில்லை. எதுவும் அவரைக் காப்பாற்றவும் இல்லை. 2015 ஜனவரியில் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

நம் காலத்துக்கு வருவோம். 2014 ஜூன் 2-ம் தேதி, ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகருக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் இருந்தபோது பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார் ஆயுதம் ஏந்தியவர்களால் கடத்தப்பட்டார். சிவகங்கை மாவட்டத்துக்காரர். தமிழகத்தில் இலங்கை அகதிகளிடையே பணியாற்றிவிட்டு, இயேசு சபையின் அகதிகள் சேவை அமைப்பின் பொறுப்பாளராக ஆப்கானிஸ்தான் சென்றவர். மட்டாஞ்சேரியில் எந்தச் சபைக்கு எதிராகச் சத்தியம் செய்யப்பட்டதோ அதே சபை. ஆனால் இங்கே அது அகதிகளாகத் திரும்பிவந்தவர்களின் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது. தில்லியில் புதிய அரசு பொறுப்பேற்று அப்போது ஒரு வாரமே ஆகியிருந்தது. எட்டு மாதங்களுக்கும் மேலாக அவர் சிறைவைக்கப்பட்டிருந்தார். 2015 பிப்ரவரி 22-ல் விடுதலையானார். அந்த நல்ல செய்தியைப் பிரதமரே அறிவித்தார்.

ஏமனில் நடந்தது இதைவிடக் கொடூரம். அன்னை தெரசாவின் சபையினர் 1973-ல், அன்றைய வடக்கு ஏமன் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் அங்கே சென்றவர்கள். 1998 ஜூலையில் ஹொதைதாவில் அவர்களில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர், இருவர் இந்தியர்கள். அதன் பிறகும் அவர்கள் வெளியேறவில்லை. 2015-ல் போர் மூண்டபோது 'ஆபரேஷன் ராஹத்' மூலம் ஆயிரக்கணக்கான இந்தியர்களை அரசு மீட்டுக்கொண்டுவந்தது. உலகமே பாராட்டிய நடவடிக்கை அது. ஏடனில் இருந்த கன்னியாஸ்திரீகள் மட்டும் வர மறுத்துவிட்டார்கள். அவர்கள் நடத்திவந்த இல்லத்தில் முதியோரும் ஊனமுற்றோருமாக ஏறத்தாழ 80 பேர் இருந்தனர். அவர்களை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதுதான் காரணம்.

2016 மார்ச் 4-ம் தேதி காலை அந்த இல்லத்துக்குள் புகுந்தவர்கள் நான்கு கன்னியாஸ்திரீகள் உள்பட 16 பேரைக் கொன்றார்கள். நால்வரில் இருவர் ருவாண்டா, ஒருவர் கென்யா. நான்காமவர் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தைச் சேர்ந்த சகோதரி ஆன்செலம். கோட்டயம் மாவட்டம் ராமபுரத்தைச் சேர்ந்த சலேசிய சபைப் பாதிரியார் டாம் உழுன்னாலில் கடத்தப்பட்டார். அடுத்த பதினெட்டு மாதங்கள் செய்திகள் அனைத்தும் அவரைப் பற்றியே இருந்தன, அதில் தவறில்லை. ஆனால் பழங்குடியினர் மிகுந்த ஒரு மாவட்டத்திலிருந்து கிளம்பி, அரபு நாட்டு முதியவர்களுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த ஓர் இந்தியப் பெண்ணின் மரணம் சில நாள்களிலேயே நம் பக்கங்களிலிருந்து மறைந்துபோனது. இந்தக் குற்றத்தில் தில்லிப் பத்திரிகையாளர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

கடத்தியவர்கள் 2016 டிசம்பரில் வெளியிட்ட காட்சிப்பதிவில், தான் ஓர் ஐரோப்பியராக இருந்திருந்தால் இதைவிட அக்கறை காட்டியிருப்பார்கள் என்ற பொருள்படப் பாதிரியார் டாம் பேசினார். துப்பாக்கி முனையில் பேசவைக்கப்பட்ட சொற்களாக இருக்கலாம். ஆனாலும் தைத்தது. கேரள உறுப்பினர்கள் இரு அவைகளிலும் பிரச்னையை எழுப்பியபடி இருந்தார்கள். சனாவில் இருந்த இந்தியத் தூதரகம் 2015 ஏப்ரலிலேயே ஜிபூட்டிக்கு மாற்றப்பட்டுவிட்டதால், வேறு நாடுகளின் தயவை நாடுவதைத் தவிர அரசுக்கு வழியிருக்கவில்லை. ஓமனின் முயற்சியால் 2017 செப்டம்பர் 12-ல் அவர் விடுவிக்கப்பட்டார். அதே மாத இறுதியில் தில்லி வந்து பிரதமரைச் சந்தித்தார்.

மீட்கப்பட்டதும் பெருமிதம், அதற்கு முன்னும் பின்னும் மௌனம் என்பதே இத்தகைய நிகழ்வுகளில் அரசின் வழக்கமாக இருக்கிறது. யார் ஆட்சியில் இருந்தாலும் இதுதான் நிலை. காரணம், சட்டமே அப்படி அமைந்திருக்கிறது. 1922-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம், வேலை தேடி நாட்டைவிட்டுச் செல்பவரையே குடிபெயர்பவர் என்கிறது. 2003-ல் தொடங்கப்பட்ட பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் தொழிலாளர்களுக்கானது. கூலி வாங்காமல் சேவைக்குச் செல்பவர் இந்த ஏடுகள் எதிலும் இல்லை. இந்திய சமுதாய நல நிதி 2009 முதல் இருக்கிறது. அதுவும் துன்பம் நேர்ந்த பிறகு உதவுவதற்கே. தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வசதி உண்டு, கட்டாயம் இல்லை. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்து, இந்தியக் கன்னியாஸ்திரீகளும் இயேசு சபையினரும் விமானத்துக்காகத் தவித்தபோது மீண்டும் இதே குறைதான் வெளிப்பட்டது.

எச்சரித்த பிறகும் போனவர்கள், திரும்பி வா என்றபோது வர மறுத்தவர்கள், அவர்களுக்காக நாடு ஏன் சங்கடப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை ஏளனமாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு பிணைக்கைதியை மீட்பதற்காக அரசு யாரிடமெல்லாமோ கடன்படுகிறது. அதனால்தான் 2017 செப்டம்பரில் ஏமனுக்குச் செல்லவே இந்தியர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் குடிமகனின் விவேகத்தை எடைபோட்டுப் பாதுகாப்பை அளந்துகொடுக்கும் அரசு, நாளை இடைத்தரகர்களிடம் ஏமாந்து அதே போர்க்களத்தில் மாட்டிக்கொண்ட கட்டடத் தொழிலாளியையும் அப்படித்தான் நடத்தும். 2014-ல் மோசூலில் கடத்தப்பட்ட 39 தொழிலாளர்கள் இறந்துவிட்டார்கள் என்பதை மாநிலங்களவையில் அரசு உறுதிப்படுத்த 2018 மார்ச் வரை ஆனது. அவர்கள் பாதிரியார்கள் அல்லர்.

மதமாற்றத்துக்காகப் போனவர்கள் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. ஏடன் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர்களிடம் என்ன மதமாற்றம் நடந்துவிட முடியும்? அந்த நாட்டில் இஸ்லாமைவிட்டு விலகுவதே கடும் குற்றம். அது தெரிந்தே சென்றவர்கள் அவர்கள்.

திருச்சபைகளும் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழ்ப்படிதலை விரதமாக ஏற்றுக்கொண்ட ஓர் இளம் கன்னியாஸ்திரீயிடம், போர் நடக்கும் நாட்டில் இருக்கச் சம்மதமா என்று மேலிடம் கேட்டால், அவர் சொல்லும் 'சரி' எந்த அளவுக்குச் சுதந்திரமானது? ஏடனில் இருந்தவர்கள் மனமுவந்தே தங்கினார்கள் என்று நம்புகிறோம். எல்லா இடங்களிலும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியுமா? அனுப்பும் சபை, யார் எங்கே இருக்கிறார் என்ற விவரத்தை வெளியுறவு அமைச்சகத்திடம் அளிப்பதையும், காப்பீடு செய்வதையும், பெற்றோருக்கு உண்மை நிலையைச் சொல்வதையும் கடமையாகக் கொள்ள வேண்டும். இறைவன் பார்த்துக்கொள்வான் என்பது துறவிக்குப் பொருந்தும். அவரை அனுப்பும் நிர்வாகத்துக்குப் பொருந்தாது.

1983-ம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற 2021-ல் ஒரு வரைவு மசோதாவும், 2025 அக்டோபரில் இன்னொரு வரைவும் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டன. நாற்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு சட்டம் திருத்தி எழுதப்படும் வேளையில், மத அமைப்பின் சார்பிலோ தொண்டு நிறுவனத்தின் சார்பிலோ ஊதியமின்றிச் சேவைக்குச் செல்பவர்களையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு பிரிவு அதில் இடம்பெற வேண்டும். இது எந்த மதத்துக்கும் காட்டும் சலுகை அல்ல. வெளிநாடு செல்லும் ராமகிருஷ்ண மடத்துத் துறவிக்கும் குருத்வாராவின் நிவாரணத் தொண்டருக்கும் அது பயன்படும். கேரளத்தின் 20 மக்களவை உறுப்பினர்களும் தமிழகத்தின் 39 பேரும் ஒரே குரலில் கேட்டால் மறுப்பது எளிதல்ல.

அதுவரை கொச்சியில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில், வளைகுடாவுக்குச் செல்லும் கொத்தனாரின் ஒப்பந்தம் சரிபார்க்கப்படும். அதே நாளில் சூடானுக்குக் கிளம்பும் கன்னியாஸ்திரீயைப் பற்றி அந்த அலுவலகத்துக்கு எதுவும் தெரிந்திருக்காது.