நோயாளியின் கண் தேடும் பசுமை

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவர் காண்பவை யாவை? வெண்ணிற மேற்கூரை, அணையா விளக்கு, ஒலியெழுப்பும் கருவிகள். சன்னலற்ற அறையில் பகலும் இரவும் ஒன்றாகின்றன. பலர் மனக்குழப்பத்துக்கு ஆளாகின்றனர். உயிரைக் காக்கும் இடம் மனத்தை மறக்கலாமா?

பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றோரின் மருத்துவக் குறிப்புகளை ஒப்பிட்டு, அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சன்னல்வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரையே கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். வீரியமிக்க வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. பின்னர், சுவீடனில் இதய அறுவைக்குப்பின் தீவிர சிகிச்சை பெற்றோரிடம் அவர் குழுவினர் நடத்திய ஆய்வில், மரமும் நீரும் விளங்கும் படத்தைக் கண்டோரிடம் பதற்றம் குறைந்திருந்தது.

சன்னல் அமைக்க இயலாத இடங்களில் இத்தகைய படங்களேனும் வேண்டும். அவை இடம்பெற வேண்டியது வரவேற்பறையில் அன்று. அசைய இயலாதவரின் கண் செல்லும் மேற்கூரையிலும் கால்மாட்டுச் சுவரிலுமே.

கருவி வாங்கவே பணம் போதாதபோது படம் எதற்கு எனச் சிலர் வினவுவர். படம் மருந்துக்கு மாற்றன்று. அது நோயைத் தீர்க்காது. ஆயினும், சிறு செலவில் ஒருவரின் அச்சம் தணியுமெனில், அதனை அழகுப்பொருள் எனத் தள்ளாமல் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ளுதல் தகும்.