பார்டர் லாரிகள்

குடும்பம் நடத்தும் லாரித் தொழில் ஒன்றிலிருந்து பத்து வண்டிக்குள் அடங்கிவிடும். பத்து என்ற எல்லையை வரிச் சட்டமே போட்டிருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு, பத்துக்கு மேல் சரக்கு வண்டி வைத்திராதவர் கணக்குப் புத்தகம் எழுதாமலே, வண்டிக்கு மாதம் இவ்வளவு என்று வருமானம் காட்டி வரி கட்ட இடம் தந்தது. அண்ணன் ஸ்டியரிங்கிலும் தம்பி பட்டறையிலும் அப்பா புக்கிங் ஆபீஸ் திண்ணையிலும் இருக்கிற தொழில் இது. செங்கோட்டை வட்டாரத்தில் இது வேரூன்றியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று கணவாய், மற்றொன்று எல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே சற்றுத் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாக வழி விடுகிறது. அதற்குக் கிழக்கே நெல்லும் காய்கறியும் மாடும் வைக்கோலும். மேற்கே மரம், ரப்பர், மிளகு, முந்திரி. ஒரு பக்கம் இல்லாதது மறுபக்கம் இருந்ததால் வண்டிப் பாதை தானாக உண்டானது. முதலில் மாட்டுவண்டி போனது. 1904இல் கொல்லம் – செங்கோட்டை மீட்டர்கேஜ் ரயில் வந்தது. ஆனால் ரயில், நிலையத்தோடு நின்றுவிடும். களத்து மேட்டிலிருந்து நிலையத்துக்கும், அங்கிருந்து கடை வாசலுக்கும் சரக்கை ஏற்றி இறக்க வேறு வண்டி வேண்டும். ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடம்வரை ஒரே வண்டியில் போக முடியும் என்று லாரி காட்டியதும் பாதி வியாபாரம் சாலைக்கு மாறிவிட்டது. கொல்லத்திலிருந்து செங்கோட்டை, தென்காசி, ராஜபாளையம் வழியாகத் திருமங்கலம் போகும் அந்தச் சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 208, இப்போது 744.

எல்லைக்கு ஒரு கதை உண்டு. செங்கோட்டைக்குக் கிழக்கே பிரானூரில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு இன்றும் ‘பார்டர்’ என்றுதான் பெயர். குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பரோட்டா தேடி வருகிறவர்கள் அது எதற்கான பார்டர் என்று கேட்பதில்லை. 1956 நவம்பர் 1க்கு முன்பு திருவிதாங்கூர்ப் பக்கமும் சென்னைப் பக்கமும் அங்கேதான் பிரிந்தன. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த அன்று செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மேற்கே மலையேறிக் கோட்டைவாசலுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பிரானூரில் தங்கிவிட்டது. சங்கு முத்திரை பொறித்த திருவிதாங்கூர் வளைவு செங்கோட்டையில் இன்னும் நிற்கிறது. லாரிக்காரர்களுக்கு இந்த மாற்றத்தால் வந்த பலன் ஒன்றுதான்: முன்பு கிழக்கே நின்று காட்டிய காகிதத்தை இனி மேற்கே நின்று காட்ட வேண்டியிருந்தது.

தமிழகத்தில் மோட்டார்த் தொழிலைக் குடும்பத் தொழிலாக்கிக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் இந்த நெல்லைச் சீமைக்காரர்தான். திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொழில் தொடங்கி, மதுரையை மையமாக வைத்துப் பேருந்தும் லாரியும் ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியில் உண்டாகும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியையும் அவர் நிறுவனம் செய்து தந்தது. பின்னால் 1970களில் பாண்டியன், கட்டபொம்மன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்து பெரிய பேருந்து முதலாளிகளின் தடங்களை எடுத்துக்கொண்டன. லாரியை மட்டும் அரசு தொடவில்லை. சிறிய கையிருப்போடு மோட்டார்த் தொழிலுக்கு வர நினைத்தவர்களுக்குத் திறந்திருந்த கதவு அதுதான்.

வண்டிகள் இரண்டு வீடுகளிலிருந்து வந்தன. 1948இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் டாடாவும் ஜெர்மனியின் பென்ஸும் கைகோத்தன. 1969இல் அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய ஆட்கள் டாடா வண்டியைப் ‘பென்ஸ்’ என்றே சொன்னார்கள். லேலண்ட் காமெட் இழுவைக்குப் பேர்போனது. டாடாவுக்கு உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எது நல்லது என்ற வாக்குவாதம் டீக்கடை பெஞ்சில் முடிந்ததே இல்லை. ஒவ்வொரு வீடும் தன் தகப்பனார் வாங்கிய வண்டியின் கட்சியில் இருந்தது.

அந்தக் காலத்தில் கம்பெனி கொடுப்பது சேஸிஸ் மட்டும். இஞ்சின், சக்கரம், முன்முகம், அவ்வளவுதான். டிரைவர் மேலே கூரையில்லாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதை ஓட்டி வருவார். கேபினும் பாடியும் மரத்தில் கட்டுவது பட்டறை வேலை. அதற்கு நாமக்கல் பக்கம் போகிறவர்கள் போவார்கள். பிரானூரின் மர அறுவை மில்களில் பலகை பார்த்து எடுத்து உள்ளூர் ஆசாரியிடம் கொடுக்கிறவர்களும் உண்டு. கடைசியில் பெயின்டர் வருவார். நெற்றியில் குலசாமி பெயர், கதவில் பிள்ளைகள் பெயர், பின்பலகையில் ஒலி எழுப்பச் சொல்லும் வாசகம். பிள்ளை பிறந்த வரிசையும் வண்டி வாங்கிய வரிசையும் ஒன்றாகவே நினைவிருக்கும் வீடுகளில், வயதை வண்டியை வைத்துத்தான் சொல்வார்கள்: “இவன் ரெண்டாவது லாரி எடுத்த வருசம் பொறந்தவன்.”

பணம் வரும் வழி இரண்டு. முன்பணத்துக்கு வீட்டுப் பெண்களின் நகை, மீதிக்கு ஃபைனான்ஸ். டி.வி.எஸ். குடும்பத்திலிருந்தே வந்த டி.எஸ். சந்தானம் 1954இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், பேருந்துக்கும் லாரிக்கும் கடன் கொடுப்பதை முறையான தொழிலாக்கியது. பழைய வண்டிக்கும் கடன் தரும் நிறுவனங்கள் அடுத்து வந்தன. 1979இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் தொடங்கியது. ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும்வரை வண்டி பாதிதான் சொந்தம். மாதா மாதம் கட்டும் ‘டியூ’ முடிந்து அந்தப் பெயர் நீங்கும் நாளில் வண்டிக்கு மாலை போடுவார்கள். அடகுக்குப் போன நகை திரும்பி வருவது அதற்கும் பிறகுதான். சில வீடுகளில் அது அடுத்த வண்டிக்காக அப்படியே திரும்பப் போய்விடும்.

வீட்டுக்குள் வேலை பிரிந்திருக்கும் விதம் எழுதாத சட்டம். பெரியவர் வாடகை பேசுவார். புரோக்கர்களும் மண்டிக்காரர்களும் அவருக்கு ‘அண்ணாச்சி’. மூத்த மகன் நெடுந்தூர நடைக்கும், இளையவன் உள்ளூர் லோடுக்கும். வீட்டுக்கு வெளியே இருந்து வருகிற டிரைவர் மூத்த மகனின் மனைவியை ‘மதினி’ என்பார். நள்ளிரவில் வண்டி வந்தால் சோறு போடுவதும், எந்த டிரைவருக்கு எவ்வளவு அட்வான்ஸ் போயிருக்கிறது என்று மனக்கணக்கு வைத்திருப்பதும் அவர்தான். கிளீனர் பெரும்பாலும் சொந்தக்காரப் பையன். கிரீஸ் அடிப்பதில் தொடங்கி, டயரைத் தட்டிப் பார்த்துக் காற்றை அறிந்து, வண்டியைக் கழுவக் கழுவ ரிவர்ஸ் எடுக்கப் பழகி, ஐந்தாறு வருஷத்தில் டிரைவர் ஆவான்.

லோடுகளுக்குப் பருவம் உண்டு. பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளிலிருந்து காய்கறி ஆண்டு முழுவதும் மலை ஏறும். புளியங்குடி எலுமிச்சை, சங்கரன்கோவில் பூ, அரிசி, முட்டை, செங்கல் எல்லாம் அதே வழிதான். அறுவடை முடிந்தால் வைக்கோல். ஓணம் நெருங்கினால் மலையேறும் வண்டிகளின் வரிசை நீளும். போகிற வாடகை டீசலுக்கும் டிரைவர் பத்தாவுக்கும் சரியாகிவிடும். லாபம் என்பது திரும்பி வருகிற லோடில்தான். புனலூர், கொல்லம் பக்கம் ரப்பரோ ஒட்டுப்பலகையோ மரத்தடியோ கிடைத்தால் அந்த நடை நடை. கிடைக்காவிட்டால் ஒரு நாள் ஹால்டிங் போட்டுக் காத்திருப்பதா, காலியாக இறங்குவதா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். கைபேசி இல்லாத காலத்தில் அந்த முடிவை டிரைவரே எடுத்தார். வண்டியில் சொந்த மகன் போவதன் அருமை அப்போது தெரியும்.

ஏற்றம் புளியரையைத் தாண்டியதும் தொடங்கும். கேரளப் பக்கம் தென்மலை நோக்கிச் சரிவு நீளமானது. தமிழகப் பக்கம் குட்டையானது, செங்குத்தானது. அதன் நடுவே எஸ் வளைவு. முழு லோடோடு வளைவில் திரும்பும் வண்டி ஒரு கணம் நின்றுவிட்டால் பின்னால் உருளும். அதனால் கிளீனர் கையில் மரக்கட்டையோடு கீழே குதித்துப் பின்சக்கரத்தோடு சேர்ந்து நடப்பான். இஞ்சின் முக்கும் சத்தம் மாறுவதைக் கேட்டே கட்டையை எப்போது போடுவது, எப்போது இழுப்பது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். மேலே கோட்டைவாசலில் கருப்பசாமி இருக்கிறார். வண்டியை நிறுத்திக் காசு போட்டுத் திருநீறு பூசுவது வழக்கம். இறங்கும்போது விதி ஒன்றுதான்: ஏறுகிற கியரில் இறங்கு. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் பிரேக் டிரம் சூடேறி, மிதித்தும் பிடிக்காமல் போகும்.

அந்த எஸ் வளைவு இன்னும் அடங்கவில்லை. 2024 பிப்ரவரி 25 அதிகாலை இருட்டில், கேரளத்திலிருந்து ஒட்டுப்பலகை ஏற்றித் தூத்துக்குடிக்குப் போன லாரி இங்கே சாலையிலிருந்து கவிழ்ந்து, கீழே இருந்த ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த முதிய தம்பதி, ரயில் வரும் திசையில் டார்ச் விளக்கோடு ஓடி அதை நிறுத்தினார்கள். தமிழக அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது.

சாரல் காலத்தில் தார்ப்பாய்தான் சொத்து. ஆனி, ஆடியில் கணவாய்க்குள் காற்றும் மழையும் சேர்ந்தே வரும். முன்பக்கத் தார்ப்பாய் பின்பக்கத் தார்ப்பாயின் மேல் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடுகிற ஓட்டத்தில் காற்று உள்ளே புகுந்து கிழித்துவிடும். மூலையை உறை மடிப்பதுபோல் மடித்து, கயிற்றைக் கொக்கியில் கோத்து, காலைப் பாடியில் ஊன்றி உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுப்பார்கள். அரிசி மூட்டை நனைந்தால் இழப்பு லாரிக்காரர் தலையில். சரக்கை ஒப்புக்கொண்டவர் அதற்குப் பொறுப்பு என்பது 1865ஆம் ஆண்டுச் சரக்கேற்றுவோர் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அதற்குப் பதில் வந்த 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டமும் பொறுப்பை நீக்கவில்லை.

கணவாய்க்கு அப்பால் ஆரியங்காவுச் சோதனைச் சாவடி. விற்பனை வரிக் காலத்தில் பில், டெலிவரி நோட்டு, பெர்மிட் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, முத்திரை விழும்வரை வண்டிகள் வரிசையாக நிற்கும். தக்காளியும் பூவும் காத்திருக்காது. அதனால் எந்த நேரத்தில் வரிசை குறையும், எந்தக் காகிதத்தை மேலே வைக்க வேண்டும் என்ற அறிவுக்கு விலை இருந்தது. அந்த அறிவு செங்கோட்டைக் குடும்பங்களிடம் தலைமுறையாக இருந்தது. வெளியூர் வண்டிகளும் அவர்களிடம் வந்து கேட்டுப் போயின. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகள் போயின. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் கடக்கும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. காத்திருப்பு குறைந்தது நல்லதுதான். ஆனால் எல்லையைத் தெரிந்தவர் என்ற தனித்தகுதியும் அதோடு போய்விட்டது.

இறக்குமிடத்தில் இன்னொரு எல்லை. 1978ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் கேரளத்துச் சுமைதொழிலாளிக்குப் பாதுகாப்புத் தந்தது. அதன் நிழலில், வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கும் கூலி கேட்கும் ‘நோக்குகூலி’ வளர்ந்தது. கேரள அரசு 2018 மே 1 முதல் அதை ஒழிப்பதாக அறிவித்தது.

2010இல் புனலூர் – செங்கோட்டை மீட்டர்கேஜ் ரயில் அகலப்பாதைக்காக நின்று, 2018இல்தான் முழுப்பாதையும் திறந்தது. அந்த எட்டு ஆண்டும் கணவாயைக் கடக்கச் சாலையை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அந்த வாய்ப்புப் பழைய பத்து டன் லாரிக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. சின்ன லோடுகளை 1986இல் வந்த டாடா 407உம், 2005இல் வந்த ‘குட்டி யானை’ என்ற சிறு வண்டியும் எடுத்துக்கொண்டன. கல், எம்-சாண்ட் போன்ற கனமான லோடுகள் பத்து, பன்னிரண்டு சக்கர டிப்பர்களுக்குப் போயின. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. ஒரே சரக்குக்குக் குறைந்த வண்டி போதும் என்றானது. நடுவில் இருந்த ஒற்றை லாரிக்காரர் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டார்.

அப்படியும் இந்தத் தொழில் இவ்வளவு காலம் தாங்கியது எப்படி என்பதற்கு டிரிப் கணக்கு நோட்டில் விடை இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு, கேபினில் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். ஒரு பக்கம் வாடகை, அட்வான்ஸ், பாக்கி. மறுபக்கம் டீசல், டிரைவர் பத்தா, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், பஞ்சர், தேங்காய்-சூடம், ‘இதர’. ‘இதர’வில் என்னென்ன அடங்கும் என்பது எழுதியவருக்கும் படிப்பவருக்கும் தெரியும். காலாண்டு வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று மூன்றும் வேறு நோட்டில். எந்த நோட்டிலும் இல்லாதது வீட்டுக்காரர்களின் சம்பளம். தம்பியின் பட்டறை உழைப்பு, மதினியின் நள்ளிரவுச் சோறு, சொந்த மகன் ஓட்டிய நாட்கள் எதற்கும் ஒரு வரிகூட எழுதுவதில்லை. எழுதியிருந்தால் பல நடைகள் நஷ்டத்தில் முடிந்திருக்கும்.

எழுதாத அந்தக் கணக்கு ஒரே ஒரு நாளில் வெளியே வரும், பாகப்பிரிவினை நாளில். வயலை வரப்புப் போட்டுப் பிரிக்கலாம். லாரியைப் பிரிக்க முடியாது. ஒருவர் வண்டியை எடுத்தால் மற்றவர் வீட்டையோ ரொக்கத்தையோ எடுக்க வேண்டும். வண்டியோடு கடனும் பழைய பாக்கியும் போகும். விலை மதிப்பிட மெக்கானிக்கை அழைத்து வருவார்கள். அவர் டயரையும் இஞ்சினையும் பார்த்து ஒரு தொகை சொல்வார். அப்போது தம்பி, தான் பட்டறையில் கழித்த வருஷங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார். பெரியவர் டிரிப் நோட்டைப் புரட்டுவார். அதில் அதற்கு வரி இராது.